தட்டிய கை

வியாபாரம் படுத்துப்போன கடைக்காரன் ஈ ஓட்டுவான் என்று சொல்வார்கள். டீச்சர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கல்லூரி வேலையை ஒரு வருஷம் நிறுத்திவைத்துவிட்டு ஈ ஓட்டப் போனாள். இதை அவள் அம்மா சும்மா விடுவாளா? "சம்பளம் குடுத்து யாராவது ஈ ஓட்டச் சொல்வாங்களாடி?" என்று கேட்டாள். "ஓட்ட இல்லம்மா, வளக்க" என்றாள் டீச்சர். அதற்குமேல் கேட்க அம்மாவுக்குத் தெம்பில்லை.

பதினெட்டு வருஷம் விலங்கியல் நடத்தியவள். பழ ஈயின் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். கண்ணுக்குச் சிவப்புச் சாக்பீஸ், வயிற்றுக் கோடுகளுக்கு மஞ்சள். ஆனால் உயிரோடு அதை அவள் பார்த்ததெல்லாம் கனிந்துபோன வாழைப்பழத்தின் மேல்தான், பார்த்த கையோடு விரட்டியும் விட்டிருக்கிறாள். ஆராய்ச்சிக்கூடத்தில் நண்டும் சிண்டுமான பிள்ளைகளுக்கு நடுவில் நாற்பது தாண்டிய வயதில் போய் உட்கார்ந்தபோது, எல்லோரும் அவளை "டீச்சர்" என்றே கூப்பிட்டார்கள். படிக்க வந்தவளுக்கு அந்தப் பெயர் வைத்ததில் இருந்த குறும்பு அவளுக்கும் புரிந்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

போனதற்குக் காரணம் அப்பா. அப்பா எலக்ட்ரீஷியன். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, ஒரு கையால் கூரையைப் பிடித்தபடி மறு கையால் திருகாணி முடுக்குகிறவர். வேலையை விட்டு வீட்டோடு வந்தபிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. வயசு என்றார்கள், களைப்பு என்றார்கள், கடைசியில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டுப் பார்க்கின்சன் என்றார். மூளையின் ஒரு மூலையில் சில நரம்பணுக்கள் சாகச் சாக, உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காமல் போகிற நோய். இதே கோளாறை ஈக்களுக்கு வரவழைத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று பார்க்கிற கூடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கூடத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அதிகம் பேசாதவர். நேர்முகத்தில் டீச்சர் என்னென்னவோ பெரிய காரணங்கள் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேடம், "வீட்ல யாருக்கு?" என்றார்.

"அப்பாவுக்கு."

"சரி. உள்ள வர்றப்ப அப்பாவ வாசல்லயே விட்டுட்டு வந்துடுங்க."

டீச்சர் தலையை ஆட்டினாள். தலையை ஆட்ட என்ன செலவு?

ஈ அறை வருஷம் முழுக்க ஒரே சூட்டில், ஒரே ஈரத்தில் இருக்கும். சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொரு குப்பியின் அடியிலும் சோளமாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் சேர்த்துக் கிண்டி ஊற்றிய களி, வாயில் பஞ்சு. உள்ளே நுழைந்தால் புளித்த மாவு வாசனை முகத்தில் அடிக்கும். முதல் வாரம் மூக்கைப் பொத்தினாள், இரண்டாவது வாரம் அந்த வாசனை அவள் புடவையிலேயே வீட்டுக்கு வந்தது.

அவளுக்குத் தொழில் பழக்கியவன் மேடத்திடம் நாலைந்து வருஷமாக ஆராய்ச்சி செய்கிற ஒரு பையன். சல்லடை என்று அவனுக்குப் பட்டப்பெயர். யார் என்ன முடிவு கொண்டுவந்தாலும் சலித்துச் சலித்துப் பார்த்துவிட்டு, "இது நிக்காதுங்க" என்பான். பத்தில் ஒன்பது நிற்காமலும் போகும். ஆனதால் அவனிடம் எல்லோருக்கும் மரியாதை உண்டு, பிரியம் கொஞ்சம் கம்மி.

ஈக்களைத் தூங்கவைக்க ஒரு வெள்ளைப் பலகை. அதன் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வந்துகொண்டிருக்கும். குப்பியைக் கவிழ்த்தால் ஈக்கள் அப்படியே மயங்கிச் சாயும், மெல்லிய தூரிகையால் ஆண் வேறு பெண் வேறு என்று ஒதுக்க வேண்டும். அதில் பெரிய கண்டம், கலப்புக்கு வேண்டிய கன்னி ஈக்களைப் பொறுக்குவது. கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈ சில மணி நேரம்தான் கன்னியாக இருக்கும். அப்போது அதன் வயிறு கண்ணாடி மாதிரி இருக்கும், தோல் வழியே உள்ளே ஒரு கரும்புள்ளி தெரியும். புள்ளி இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் சந்தேகம்.

"வயித்தப் பாருங்க டீச்சர். மூஞ்சிய எதுக்குப் பாக்குறீங்க, பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?" என்பான் சல்லடை.

டீச்சர் வயிற்றைப் பார்த்தாள். காலையில் வந்ததும் பார்த்தாள், மாலையில் போகுமுன் பார்த்தாள். கொஞ்ச நாளில் மைக்ராஸ்கோப் இல்லாமலே, குப்பிக்கு வெளியே நின்று, எது நேற்று பிறந்தது, எது நன்றாகத் தின்றிருக்கிறது என்று சொல்கிற அளவுக்குக் கண் பழகிவிட்டது. சல்லடையே வாயைப் பிளந்தான். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் இரண்டு கரண்டி அதிகமாகச் சாப்பிட்டாள்.

மூளை எடுப்பதுதான் அவளை அழவைத்தது. கசகசா அளவு மூளை. கறுப்புத் தட்டில் ஒரு சொட்டு உப்புநீர், அதில் ஈயின் தலை, இரண்டு கையிலும் ஊசிமுனை இடுக்கி. ஒன்றால் தலையைப் பிடித்துக்கொண்டு மற்றதால் வாயுறுப்பைப் பற்றி இழுத்தால் முகம் திறந்துகொள்ளும், அப்புறம் கண்ணின் ஓட்டை உரித்து, மூச்சுக்குழல்களை நீக்கினால் மூளை. சொல்லும்போது சுளுவாக இருக்கிறது. டீச்சருக்கு முதலில் கிடைத்ததெல்லாம் சிவப்புக் கூழ். ஒருநாள் வெள்ளையாக ஒன்று கிடைத்தது. ஓடிப்போய்ச் சல்லடையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது மூளை இல்ல டீச்சர். கொழுப்பு."

"எப்படிச் சொல்ற?"

"மூளைன்னா அடியில போய் அமைதியா உக்காரும். கொழுப்புதான் மேல மிதக்கும்."

"மனுஷங்கள்லயும் அப்படித்தான் தம்பி" என்றாள் டீச்சர். அவன் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மூளையும் கைவந்தது. சாயம் ஏற்றி ஒளிரவைத்து, எத்தனை நரம்பணு மிச்சமிருக்கிறது என்று எண்ணவும் கற்றுக்கொண்டாள். அதன்பிறகுதான் மேடம் கூப்பிட்டு அவளுக்கென்று ஒரு வேலை கொடுத்தார். ஏதோ ஒரு கொடியின் வேரிலிருந்து எடுத்த சாறு. உடம்புக்கு நல்லது என்ற ஒற்றை வரி விளம்பரத்தோடு மருந்துக்கடைகளில் குளிகையாக விற்கிறார்கள். அதைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் நோயாளி ஈக்களின் நடை தேறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்க்கிற முறை எளிது. சாப்பாட்டுக் குப்பியிலிருந்து ஈக்களை ஒரு வெற்றுக் குப்பிக்கு மாற்றி, மெத்தென்ற பாய்மேல் ஒரு தட்டு தட்டினால் எல்லாம் அடியில் விழும். விழுந்த ஈ உடனே சுவரில் ஏறும், அது அதன் பிறவிக் குணம். நோய் கண்ட ஈ தடுமாறும், பாதியில் நிற்கும், வழுக்கி விழும். குப்பியில் ஒரு கோடு போட்டிருக்கும். சொன்ன நேரத்துக்குள் எத்தனை கோட்டைத் தாண்டுகின்றன என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணுகிறவருக்கு எந்தக் குப்பி சாறு குடித்தது, எது குடிக்காதது என்று தெரியக் கூடாது. அது கூடத்தின் சட்டம். சல்லடைதான் ஈக்களை மாற்றி, வெறும் எண்களை ஒட்டிக் கொடுப்பான்.

"என் மேல நம்பிக்கை இல்லியா தம்பி?"

"என் மேலயே எனக்குக் கிடையாது டீச்சர். நான் எண்ணும்போதும் வேற யாராவதுதான் ஒட்டித் தருவாங்க."

டீச்சர் தட்டினாள், எண்ணினாள். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று மேலே ஒரு கேமராவும் ஓடியது. எல்லாம் முடிந்து சல்லடை எண்களைப் பிரித்துச் சொன்னபோது, சாறு குடித்த ஈக்கள் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலே ஏறியிருந்தன. டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சல்லடை எண்களை இன்னொரு தடவை சரிபார்த்தான். மேடம், "இன்னொரு தலைமுறை ஈ வச்சு மறுபடி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி பண்ணுகிறவரை பொறுக்க ஆராய்ச்சிக்காரியால் முடியும். மகளால்? அன்று மாலையே மருந்துக்கடையில் இறங்கி ஒரு டப்பா குளிகை வாங்கிக்கொண்டு போனாள்.

வீட்டில் அப்போது இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் அப்பாவின் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்றிருந்தார். நடுக்கம் பரவ ஆரம்பிப்பதற்கு முன்னால் பிடித்துவிட வேண்டும், அடுத்த முறை வரும்போது முடிவு செய்யலாம் என்று நாளும் கொடுத்திருந்தார். இருக்கிற மாத்திரைக்கே அப்பாவுக்குக் குமட்டும், தலை சுற்றும், கூட்டினால் என்ன ஆகுமோ என்று பயம். "அந்தக் கருமத்தக் கூட்டாம ஏதாவது வழி இருக்கான்னு பாரேம்மா" என்று மகளிடம் சொல்லியிருந்தார். இப்போது மகள் வழியோடு வந்து நின்றாள்.

"இது ஒண்ணும் பண்ணாதுப்பா. சத்து மாத்திரை மாதிரிதான். எங்க ஈயெல்லாம் எப்படி ஏறுது தெரியுமா!"

"நானும் சுவத்துல ஏறணுமா?" என்றார் அப்பா.

அன்றிலிருந்து காலையில் கூடத்துக்குக் கிளம்புமுன் டீச்சரே குளிகையை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைப்பாள், தண்ணீரையும் கொடுப்பாள். மாலையில் வந்ததும் கூடத்துப் பழக்கத்திலேயே அப்பாவைக் கவனிப்பாள். அம்மா கொண்டுவந்து கொடுக்கிற டீயை அப்பா வலது கையால் வாங்கி வாய்வரை கொண்டுபோகிறார், முன்பெல்லாம் பாதி சட்டையில் கொட்டும், இப்போது ஒரு சொட்டு சிந்தவில்லை. வாசல்வரை நடக்கிறார், கை ஜேபியில் சும்மா கிடக்கிறது. டிவி பார்க்கிறார், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"எப்படிப்பா இருக்கு?"

"பரவால்ல போலத்தான் இருக்கும்மா."

டீச்சருக்கு இவ்வளவு போதும். வருஷக்கணக்கில் இப்படி மனம் லேசாக அவள் தூங்கியதில்லை. தெருவில் தெரிந்தவர்களைப் பார்த்தால் நின்று பேசினாள், அம்மாவுக்கு ஒரு நல்ல குடை வாங்கிக் கொடுத்தாள். டாக்டரைப் பார்க்கிற நாள் நெருங்கியபோது அம்மாதான் இழுத்தாள்.

"எதுக்கும் ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாமேடி."

"எதுக்கும்மா? போனா மாத்திரையக் கூட்டுவாரு. அப்பாவுக்குத்தான் குறைஞ்சுகிட்டு வருதே, நான் கண்ணால பாக்குறேன்ல?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் டீச்சரே டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு, இப்போதைக்குத் தேவையில்லை, நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

கூடத்தில் இரண்டாவது முறையும் சாறு குடித்த ஈக்களே ஜெயித்தன. டீச்சர் மனசுக்குள் கட்டுரையே எழுதிவிட்டாள். மேடம் முடிவுகளை நிதானமாகப் பார்த்தார். "கையால தட்டினது போதும். இனி மெஷின் தட்டட்டும், கேமரா எண்ணட்டும்" என்றார்.

மெஷின் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. ஒரு சின்ன மோட்டார் குப்பிகளைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஒன்றாகப் போடும். போட்டது. கேமரா எண்ணியது. சாறு குடித்ததற்கும் குடிக்காததற்கும் ஒரு முடி அளவு வித்தியாசம் இல்லை. மறுபடி போட்டார்கள். அப்போதும் இல்லை.

டீச்சர் மெஷின் மேல் பாய்ந்தாள். மோட்டாரின் அதிர்வு ஈக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள், கேமரா கோடு தப்பு என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். சல்லடை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க டீச்சர்" என்று தன் மேசைக்குக் கூட்டிப்போனான்.

அவள் கையால் தட்டிய நாள்களின் வீடியோவை எடுத்துவைத்திருந்தான். திரையை அணைத்தான். சத்தத்தை மட்டும் ஓடவிட்டான்.

டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். இடைவெளி. டப். டொக். டப். டப்.

"நீங்களே பிரிச்சுச் சொல்லுங்க. எது கனமாக் கேக்குது, எது மெதுவாக் கேக்குது?"

டீச்சர் சொன்னாள். ஒவ்வொரு தட்டுக்கும் சொன்னாள். அவன் தன் குறிப்போடு ஒப்பிட்டுக் காட்டினான். மெதுவாகத் தட்டியதெல்லாம், ஒன்றிரண்டைத் தவிர, சாறு குடித்த குப்பிகள். பலமாக அடிவாங்கியதெல்லாம் குடிக்காதவை. பலமாகத் தட்டினால் நல்ல ஈக்கே தலை கிறுகிறுத்துப்போகும், எழுந்து ஏற நேரமாகும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று பழமொழி சொல்கிறது. காது அன்றைக்குப் பொய் சொல்லவில்லை.

"எண்ணினதுலயும் அப்படித்தான்" என்றான் சல்லடை. "கோட்டு மேல நிக்கிற ஈயை, சாறு குடிச்ச குப்பின்னா தாண்டிடுச்சுன்னு எண்ணியிருக்கீங்க. மத்ததுன்னா இல்லன்னு விட்டிருக்கீங்க."

"எனக்கு எப்படித் தெரியும் எது எதுன்னு? நம்பர் தானே ஒட்டியிருந்த?"

சல்லடை உள்ளே போய், சாப்பாடு இல்லாத சில குப்பிகளுக்கு ஈக்களை மாற்றி எடுத்துவந்தான். எண்கூட இல்லை. "யோசிக்காம சொல்லுங்க. எதுக்குச் சாறு?"

"அதெப்படி…" என்று ஆரம்பித்தவள் கையை நீட்டி ஒன்றைக் காட்டினாள். பிறகு இன்னொன்றை. எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது தான் எதைப் பார்க்கிறோம் என்று. அந்த வேர்ச்சாறு சாப்பாட்டுக்கு லேசான ரோஸ் நிறம் கொடுக்கும். அதைத் தின்ற ஈயின் வயிற்றிலும், தோலுக்கு உள்ளே, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு ரோஸ். வேறு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. மாதக்கணக்கில் ஈ வயிற்றையே பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பட்டுவிட்டது. அவளுக்குச் சொல்லாமலே கைக்கும் சொல்லிவிட்டது.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு டீச்சர். எல்லாருக்கும் நடக்கும்" என்றான் சல்லடை. அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான். "எனக்கும் நடந்திருக்கு. ஒரு வருஷ வேலை போச்சு."

மேடத்திடம் டீச்சரே போய்ச் சொன்னாள். மேடம் திட்டவில்லை. சாற்றுக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும் ஒரு முடிவுதான், எழுதிவையுங்கள், இனிமேல் இரண்டு சாப்பாட்டிலும் ஒரே சாயம் கலந்துவிடலாம் என்றார். அப்பாவை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னதை நினைவுபடுத்தவும் இல்லை. நினைவுபடுத்தியிருந்தால் தேவலை என்று டீச்சருக்கு இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தாள். ஈக்குக் கேட்காத மருந்து மனுஷனுக்குக் கேட்கக் கூடாது என்று சட்டமா? அப்பாவுக்குக் குறைந்திருக்கிறது. நம்பிக்கையால் குறைந்தாலும் குறைந்ததுதானே, அதைப் போய்ப் பிடுங்குவானேன், குளிகை பாட்டுக்குக் குளிகை ஓடட்டும் என்று பாதி வழியில் தீர்மானமே செய்துவிட்டாள். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. குறைந்திருக்கிறது என்று எண்ணியது யார்? டாக்டர் இல்லை, மெஷின் இல்லை, கேமரா இல்லை. டீச்சருக்குப் பயமாக இருந்தது. தன் கண்ணை நினைத்துத் தானே பயப்படுவது அவளுக்குப் புதிது.

வீட்டில் அப்பா வழக்கமான நாற்காலியில், கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா டீ கொண்டுவந்தாள். டீச்சர் எழுந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். பாதிகூட இல்லை. கால் கோப்பை டீ அடியில் கிடந்தது. இப்படிச் சிந்தாமல் குடிக்க யாரால்தான் முடியாது?

"ஏம்மா இவ்வளவுதான் ஊத்தியிருக்க?"

அப்பா செருமினார்.

டீச்சர் தரையில், அப்பாவின் காலருகில் உட்கார்ந்தாள். "அப்பா, அந்த மருந்து வேலை செய்யலப்பா. ஈக்கு ஒண்ணும் ஆகல. நான்தான் தப்பாத் தட்டி, தப்பா எண்ணியிருக்கேன். உங்களுக்குக் குறைஞ்சது எதனாலன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சொல்லிடுங்க" என்றாள்.

"நான் அத முழுங்கி ரொம்ப நாளாச்சும்மா" என்றார் அப்பா. "ஒரு வாரம் போட்டேன். வயித்த எரிச்சுது. அப்புறம் கன்னத்துல ஒதுக்கிவச்சுக்கிட்டு, நீ வாசல் தாண்டினதும் அந்த ஜன்னல் தொட்டியில துப்பிடுவேன்."

"செடி நல்லா வந்திருக்கு" என்றாள் அம்மா.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே நின்றது. "ஏம்பா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ வந்த உடனே என் கையத்தான் பாப்ப. பாத்துட்டு, இன்னைக்கு நல்லா இருக்குப்பான்னு நீயே சொல்லுவ. நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுவ. உன் மூஞ்சி அப்படி மலர்ந்து நான் பாத்து எத்தன வருஷமாச்சு? அதான், ஒரு நாள் போகட்டும், இன்னொரு நாள் போகட்டும்னு…" அப்பா நிறுத்திக்கொண்டார். "எனக்கும் அந்த மாத்திரையக் கூட்ட வேண்டாம்னு இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பார்க்கிறவளே சோற்றை அள்ளி அள்ளி மேலே போட்டால் மறைந்துவிடும் போலிருக்கிறது. டீச்சருக்குக் கோபம் வந்தது, அது யார் மேல் என்று தேடியதில் தன்னைத் தவிர யாரும் அகப்படவில்லை.

"கையை நீட்டுங்கப்பா" என்றாள்.

அப்பா தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். விட்டால் போதும் என்று காத்திருந்த மாதிரி அது ஆடியது. முன்பைவிட அதிகமாக ஆடியது, மணிக்கட்டிலிருந்து ஆடியது. டீச்சர் அவசரப்படவில்லை. நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வெறுமனே பார்த்தாள்.

அப்பா கையைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளப் போனார். அம்மா குறுக்கே வந்தாள்.

"இன்னொண்ணையும் காட்டுங்க."

அப்பா தயங்கினார். பிறகு மடியில் மடங்கிக் கிடந்த இடது கையையும் நீட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன, கண்ணுக்குத் தெரியாத எதையோ உருட்டுவது போல.

டீச்சர் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடிக்குள்ளும் அது நிற்கவில்லை. "இது எப்பலேர்ந்து?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் சொன்னாள்.

"நீ டாக்டருக்குப் போன் பண்ணி வரலன்னு சொன்னியே, அன்னிக்குக் காலைல. உங்கிட்ட காட்டத்தான் எந்திரிச்சு வந்தாரு. நீ போன்ல பேசிக்கிட்டிருந்த. நல்லா இருக்காருன்னு சொல்லிக்கிட்டிருந்த. திரும்பிப் போய்ப் படுத்துட்டாரு."

டீச்சர் அப்பாவின் கையை விடாமலே இன்னொரு கையால் போனை எடுத்தாள். கிளினிக்கில் மாலை நேரக் கூட்டம், பின்னால் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருந்தது. நாளைக்கே பார்க்க வேண்டும் என்றாள். வரவேற்பில் இருந்த பெண் பெயரைக் கேட்டுவிட்டு, எதையோ புரட்டினாள்.

"போன தடவை நல்லா இருக்கார்னு சொல்லியிருக்கீங்களே மேடம். யார் பாத்துச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் டீச்சர். "தப்பாப் பாத்துட்டேன். ரெண்டு கையும் நடுங்குது."